காற்று ஒழுகாத கீல்

ஒரு மீட்டர் அகல இறக்கை கொண்ட ஃபோம் விமானம், பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இருக்கும். அதில் கீல்களின் பங்கு சில கிராம்தான். மோட்டார் எது, பேட்டரி எத்தனை செல், ரிமோட்டில் எத்தனை சேனல் என்று மணிக்கணக்கில் விசாரிக்கும் பிள்ளைகள் கீலைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. கடைசி இரவில் கொஞ்சம் டேப்பைக் கிழித்து ஒட்டிவிட்டு மறுநாள் காலையில் மைதானத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் விமானம் நம் சொல்பேச்சைக் கேட்குமா என்பது அந்தச் சில கிராமில்தான் இருக்கிறது.

கீல்களில் மடங்கும் துண்டுகள்தான் விமானத்தைத் திருப்புகின்றன. இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எய்லரான் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும். வாலின் படுக்கைத் தகட்டில் உள்ள எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். செங்குத்து வாலில் உள்ள ரடர் மூக்கை இடம் வலமாகத் திருப்பும். படுக்கை வால் இல்லாத முக்கோண இறக்கை விமானங்களில் எய்லரானின் வேலையையும் எலிவேட்டரின் வேலையையும் எலிவான் என்ற ஒரே துண்டு செய்துவிடுகிறது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலாகப் பறந்த நம் தேஜஸ் அந்த வகை. ரைட் சகோதரர்கள் 1903இல் இறக்கையையே முறுக்கித்தான் விமானத்தைச் சாய்த்தார்கள். எய்லரான் என்ற யோசனைக்கு எம்.பி.டபிள்யூ. போல்டன் என்பவர் 1868லேயே பிரிட்டனில் காப்புரிமை வாங்கியிருந்தும், அது வழக்கத்துக்கு வர நாற்பது ஆண்டுகள் ஆயின.

நல்ல கீலுக்கு மூன்று குணங்கள் வேண்டும். தடையின்றி மடங்க வேண்டும். முன்னும் பின்னும் ஆடக் கூடாது. இடைவெளி விடக் கூடாது. முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எலிவேட்டரை மடக்கும்போது அதன் ஒரு பக்கத்தில் காற்றழுத்தம் கூடுகிறது, மறுபக்கத்தில் குறைகிறது. அந்த வேறுபாடுதான் வாலைத் தள்ளுகிறது. கீல் கோட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து இருந்தால்கூட, அழுத்தம் கூடிய பக்கத்துக் காற்று அதன் வழியே ஒழுகிவிடும். ரிமோட்டின் குச்சியை முழுதாக இழுத்தும் மூக்கு மந்தமாக உயர்ந்தால், துண்டை இழுக்கும் சர்வோ மோட்டாரைக் குறை சொல்லும் முன் கீல் கோட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

சந்தும் தளர்ச்சியும் சேர்ந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து வரும். வேகம் இரட்டித்தால் அசையும் துண்டின் மேல் விழும் காற்றுச்சுமை நான்கு மடங்காகும். மெல்லப் பறக்கும்போது அடங்கியிருந்த எய்லரான், குப்புறப் பாயும் வேகத்தில் தானாகவே படபடக்கத் தொடங்கும். ஆங்கிலத்தில் இதை ஃப்ளட்டர் என்பார்கள். படபடப்புக்குக் காற்றே சக்தி ஊட்டுவதால், சில நொடிகளில் கீல் கிழியலாம், சர்வோவின் பல்சக்கரம் நொறுங்கலாம். பர்ர்ர் என்ற ஓசை காதில் விழுந்த கணமே திராட்டிலைக் குறைத்து மூக்கை மெல்ல உயர்த்துவதுதான் வழி.

பெரிய விமானங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. 1916இல் பிரிட்டனின் ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் வால் பயங்கரமாக அதிர்ந்தது. ஆராய்ந்த பொறியாளர் லாஞ்செஸ்டர், இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் தனித்தனியாக ஆடுவதற்கு இடம் இருப்பதைக் கண்டார். இரண்டையும் ஒரு விறைப்பான குழாயால் பிணைக்கச் சொன்னார். இன்றைய ஃபோம் விமானத்திலும் அதே மருந்துதான். இரண்டு எலிவேட்டர் துண்டுகளுக்கும் குறுக்கே ஒரு கார்பன் குச்சியையோ மூங்கில் குச்சியையோ பதித்து ஒட்டுகிறோம். அதை விட்டுவிட்டு ஒரு பக்கத்தில் மட்டும் சர்வோவை இணைத்தால், மறுபக்கம் ஃபோமின் நெளிவில் பின்தங்கும். அந்தக் குச்சி வெறும் அழகுக்காக இல்லை.

இனி செய்முறை. புதிதாகக் கட்டுபவர்களுக்கு நான் சொல்வது டேப் கீல்தான். மலிவு என்பதால் சொல்லவில்லை. முழு நீளத்துக்கும் சந்தை மூடிவிடுகிறது என்பதால் சொல்கிறேன். முதலில் அசையும் துண்டின் முன்விளிம்பை, மேல் விளிம்பு அப்படியே இருக்க, அடிப்புறம் நோக்கி 45 டிகிரிக்குச் சாய்வாகச் சீவ வேண்டும். கட்டர் பிளேடு புதியதாக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு ஃபோமை வெட்டாமல் பிய்க்கும். பிறகு மரக்கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் சமன் செய்ய வேண்டும். இந்தச் சரிவுதான் துண்டு கீழே மடங்க இடம் தருகிறது. மேலே மடங்கும்போது அடிப்புறம் தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் அதற்காகத் தனியே சீவத் தேவையில்லை.

ஃபோமின் மேல் உள்ள தூசியையும் கைப்பிசுக்கையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, இரு விளிம்புகளையும் முட்டவைத்து மேலே முழு நீளத்துக்கும் டேப் ஒட்ட வேண்டும். பெரும்பாலோர் இத்தோடு நிறுத்துகிறார்கள். உறுதி தருவது அடுத்த படிதான்: துண்டை மேலாக மடித்து இறக்கையின் முதுகில் படியும்படி கவிழ்த்து, இப்போது வெளியே தெரியும் இரு விளிம்புகளின் மேலும் இன்னொரு டேப் ஒட்ட வேண்டும். கீல் கோட்டில் இரண்டு டேப்புகளின் பசைப்பக்கங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். அதன்பின் விரலால் உரித்தாலும் சுலபத்தில் வராது. ஃபைபர் இழை ஓடும் டேப் கிடைத்தால் இன்னும் நல்லது.

இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டில் வேறு வசதி உண்டு. ஒரு பக்கக் காகிதத்தையும் நடு ஃபோமையும் மட்டும் வெட்டி, மறுபக்கக் காகிதத்தை விட்டுவைத்தால் அதுவே கீல். வெட்டிய பள்ளத்தில் மெல்லிய கோடாக ஹாட் க்ளூ ஓட்டி, ஆறுவதற்குள் ஓர் அட்டையால் வழித்தெடுத்தால் காகிதத்துக்கு வலு கூடும். அச்சில் வார்த்து வரும் ஈ.பி.ஓ. விமானங்களில் ஃபோமையே மெலிதாக்கிக் கீலாக விட்டிருப்பார்கள். புதிதில் அது விறைப்பாக இருக்கும்; பறக்கவிடும் முன் பலமுறை மேலும் கீழும் மடக்கிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் 9 கிராம் சர்வோ தன் பலத்தில் பெரும்பகுதியைக் கீலோடு மல்லுக்கட்டியே செலவழிக்கும்.

பெரிய விமானங்களுக்கு ஊசி கோத்த நைலான் கீல்கள் ஏற்றவை. எல்லாக் கீல்களின் ஊசிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒன்று விலகினாலும் துண்டு இறுகும். ஒட்டும் முன் ஊசியில் துளி வாஸலின் தடவினால் பசை உள்ளே போய் உறையாது. பழைய ஃப்ளாப்பி டிஸ்கின் உள்ளே இருக்கும் பாலியஸ்டர் தகட்டைத் துண்டுகளாக வெட்டிக் கீலாகப் பதித்தவர்களும் உண்டு. அது நன்றாகவே உழைக்கும்.

பசையில் கவனம் தேவை. பெவிக்விக் போன்ற சயனோஅக்ரிலேட் பசை தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ரப்பர் கரைசல் பசைகளும் அப்படியே. தெர்மாகோலுக்கு இரு குழாய்களைக் கலக்கும் எபாக்ஸி பாதுகாப்பானது. ஈ.பி.பி., ஈ.பி.ஓ. ஃபோம்கள் சயனோஅக்ரிலேட்டைத் தாங்கும். எந்த ஃபோம் என்று தெரியாவிட்டால், கழிவுத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

கீல் முடிந்ததும் ஹார்ன், அதாவது அசையும் துண்டில் பொருத்தும் சிறு நெம்புகோல். சர்வோவிலிருந்து வரும் கம்பி கோக்கும் துளை, கீல் கோட்டுக்கு நேர் மேலே அமைய வேண்டும். பின்னால் தள்ளிப் பொருத்தினால் மேலே மடங்கும் அளவும் கீழே மடங்கும் அளவும் வேறுபடும்.

புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் எனச் செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் கட்டுபவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. உப்புக்காற்றில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியும் இரும்பு ஊசியும் துருப்பிடித்துக் கீலை இறுக்கும். எஃகுக்குப் பதில் பித்தளையோ கார்பனோ போடுங்கள். ஈரத்தில் ஃபோம் போர்டின் காகிதம் உப்பி உரியும். அதன் மேல் டேப் போர்த்துங்கள். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் வைத்த விமானத்தில் ஹாட் க்ளூ இளகும், டேப்பின் பசை நகரும். மணலில் இறக்கினால் கீல் பள்ளத்தில் மணல் சேரும், தூரிகையால் தட்டிவிடுங்கள். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுவதால், புதிய விமானத்தின் முதல் பறப்புக்கு அதிகாலைதான் சரியான நேரம்.

மாதிரி விமானம் கட்டுவது விளையாட்டு மட்டும் இல்லை. என்.சி.சி. விமானப் பிரிவின் பயிற்சியில் ஏரோமாடலிங் இருக்கிறது. இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் வடகோடியில், குரோம்பேட்டையில், 1949இல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில்தான் (எம்.ஐ.டி.) அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்தார். புத்தகத்தில் படிக்கும் ஃப்ளட்டரைத் தன் கையால் ஒட்டிய கீலில் ஒருமுறை கேட்ட மாணவர் அதை மறக்கமாட்டார்.

பறக்கவிடும் இடத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த டிரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகவும் படிப்புக்காகவும் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் பறக்கவிடப்படும், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களையும் உள்ளடக்கியவை. வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதுவும் பறக்கக் கூடாது. கல்பாக்கம் அணுமின் நிலையம் புதுப்பட்டினத்துக்கு அடுத்த வாசல். ஆகவே இங்குள்ளவர்கள் விமானத்தை வீட்டில் கட்டுங்கள், கீலைச் சோதியுங்கள், மொட்டை மாடியில் நின்று எலிவேட்டரை ஆட்டிப் பாருங்கள். பறக்கவிட மட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக இருக்கும் மைதானத்தைத் தேடிப் போங்கள்.