மூன்று நிமிட உணவின் பொருளியல்

சிங்கப்பூரில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோது, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே உள்ள பேரங்காடிக்கு நாள்தோறும் சென்று வருவது வழக்கமாயிற்று. அங்கு ஒரு முழு வரிசை உடனடி நூடுல்ஸுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. ஜப்பான், தென்கொரியா, தாய்லாந்து, இந்தோனேசியா, வியட்நாம் என ஆசிய வரைபடமே அந்த அடுக்குகளில் விரிந்து கிடந்தது. பொருளியல் கற்பித்த ஒருவனுக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் வாய்க்குமா? நாளொன்றுக்கு ஒரு பொட்டலம் வீதம் வாங்கிச் சுவைத்துக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினேன். மகளுக்கு இதில் உடன்பாடில்லை. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர் செய்யும் வேலையா இது என்பது அவள் கேள்வி. கேள்வி நியாயமானதுதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

சுவையை மதிப்பிடவும் ஒரு முறை வேண்டும். ஒரே பாத்திரம், பொட்டலத்தில் குறிப்பிட்ட அளவு நீர், குறிப்பிட்ட நேரம். முட்டை, காய்கறி எதுவும் சேர்ப்பதில்லை. முதலில் நூடுல்ஸை மட்டும் மென்று பார்ப்பது, பின்னர் சாற்றைச் சுவைப்பது. முதல் வாரத்தில் நான் செய்த பிழை, ஒரே மாலையில் இரண்டை ஒப்பிட முயன்றதும் அவற்றில் காரமானதை முதலில் உண்டதும். இரண்டாவதாக வந்த ஜப்பானியச் சாறு வெந்நீர் போலத் தோன்றியது. குற்றம் சாற்றினுடையதன்று, நாவினுடையது.

ஜப்பானிலிருந்து தொடங்குவதே முறை. 1958-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று விற்பனைக்கு வந்த 'சிக்கன் ராமென்' உலகின் முதல் உடனடி நூடுல்ஸ் எனப் போற்றப்படுகிறது. அதை உருவாக்கிய மொமொஃபுகு அந்தோ, ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானில் 1910-இல் பிறந்தவர். தாம் தலைமையேற்றிருந்த கடன் சங்கம் நொடித்ததால் உடைமைகளை இழந்தவர். ஒசாகா அருகே இகெதா நகரில், வீட்டின் பின்புறக் கொட்டகையில் தனியாளாக உழைத்து, 48-ஆம் வயதில் வெற்றி கண்டார். போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், ஒரு கோப்பை நூடுல்ஸுக்காகக் குளிரில் மக்கள் வரிசையில் நின்ற காட்சியே தம்மைத் தூண்டியது என்று அவர் சொல்லிவந்தார்.

அவர் கண்ட நுட்பம் எளிது. ஆவியில் வேகவைத்த நூடுல்ஸைச் சுடும் எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரித்தால், உள்ளிருக்கும் நீர் சட்டென ஆவியாகி வெளியேறும். அது வெளியேறிய வழியெங்கும் நுண்துளைகள் எஞ்சும். வெந்நீர் ஊற்றும்போது அந்தத் துளைகள் வழியே நீர் மீண்டும் உட்புகுகிறது. நம் வீடுகளில் வேகவைத்த அரிசியில் வற்றல் பிழிந்து, வெயிலில் உலர்த்திப் பின்னர் பொரிக்கிறோம். அந்தோ இடையிலிருந்த வெயிலை நீக்கிவிட்டார். நூடுல்ஸ் சுருள் சுருளாக இருப்பதும் அழகுக்காக அன்று. வெட்டப்பட்ட இழைகள், தம்மைவிட மெதுவாக நகரும் பட்டையின்மீது விழுவதால் மடிந்து அலையாகின்றன. அந்த இடைவெளிகளில் எண்ணெயும் பின்னர் வெந்நீரும் தடையின்றிப் பாய்கின்றன. மாவில் சேர்க்கப்படும் காரக் கார்பனேட் உப்புகளே மஞ்சள் நிறத்துக்கும் இழுவைத் தன்மைக்கும் காரணம்.

சிக்கன் ராமெனில் தனியாகச் சுவைத்தூள் உறை கிடையாது. சுவை இழையிலேயே ஏற்றப்பட்டிருக்கிறது. கோப்பையில் இட்டு, வெந்நீர் ஊற்றி, மூன்று நிமிடம் மூடி வைத்தால் போதும். வறுத்த மாவின் மணமும் சோயாவின் இலேசான இனிப்பும் கலந்த சாறு. சற்றுத் தாமதித்தால் இழை குழைந்துவிடுகிறது என்பது குறை. ஆயினும் என் குறிப்பேட்டில் மிக அதிக மதிப்பெண் பெற்றது இதுவே. அடக்கமான சுவை மீது முதுமைக்கு வரும் பற்று அதில் கலந்திருக்கலாம்.

பொருளியலாரை ஈர்க்கும் செய்தி இதன் தொடக்க விலை. 35 யென்! அன்று ஒரு பங்கு உடோன் நூடுல்ஸ் அதில் ஆறில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. அதாவது, இன்று ஏழையின் உணவு என்று நாம் கருதும் பொருள் ஆடம்பரமாகவே பிறந்தது. வருமானம் உயரும்போது எந்தப் பண்டத்தின் நுகர்வு குறைகிறதோ அதைத் தாழ்நிலைப் பண்டம் என்பர். வகுப்பறையில் இதற்கு நான் கேழ்வரகை எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம்: கையில் காசு வந்தால் மக்கள் கேழ்வரகை விட்டு அரிசிக்கு மாறுவர் என்பேன். பணி ஓய்வு பெறும் காலத்தில் அந்த எடுத்துக்காட்டு செல்லாக்காசாகிவிட்டது. கேழ்வரகு இப்போது வசதியானவர்களின் காலைச் சிற்றுண்டி. தாழ்வும் உயர்வும் பண்டத்தில் இல்லை, அது நிற்கும் இடத்திலும் காலத்திலும் இருக்கிறது என்பதை நூடுல்ஸ் அடுக்கு இன்னும் தெளிவாகக் காட்டியது.

கொரியாவின் கதை இதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. அமெரிக்கப் படைமுகாம்களின் எச்சத்தில் காய்ச்சிய கஞ்சிக்காகச் சியோல் சந்தையில் மக்கள் வரிசையில் நின்றதைக் கண்டே சம்யாங் நிறுவனர் ஜப்பானியத் தொழில்நுட்பத்தைத் தேடிச் சென்றார் என்பது அந்நிறுவன வரலாறு. 1963-இல் முதல் பொட்டலம் 10 வொன்னுக்கு வந்தது. அரிசிப் பற்றாக்குறையால் கோதுமை உணவை அரசே ஊக்குவித்த காலம் அது. 1986-இல் வந்த நோங்ஷிம் நிறுவனத்தின் 'ஷின் ராம்யன்' 120 கிராம் எடையுள்ளது. முழு உணவாகவே வடிவமைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு மாவு கலந்திருப்பதால் இழை தடிமனாகவும் மெல்ல மெல்ல இழுபடுவதாகவும் உள்ளது. மாட்டிறைச்சிச் சுவையும் காளானும் மிளகாயும் சேர்ந்த சிவந்த சாறு. கார விரும்பிகளுக்கு இதுவே போதும். 2012-இல் வந்த 'புல்டாக்' வகையோ உண்பவரைச் சோதிப்பதற்கே செய்யப்பட்டது போலிருக்கிறது. அதன் மிகக் காரமான சில வகைகளை 2024-இல் டென்மார்க் உணவு அமைப்பு சந்தையிலிருந்து திரும்பப் பெறச் செய்ததில் எனக்கு வியப்பில்லை. ஆந்திர ஊறுகாய்க்கு அஞ்சாத நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்தோனேசியாவின் 'இந்தோமி மி கோரெங்' சாறில்லாதது. நீரை வடித்துவிட்டு இனிப்புச் சோயா, வெங்காய மணமுள்ள எண்ணெய், மிளகாய், தூள் ஆகியவற்றைக் கலக்க வேண்டும். இனிப்பு, உப்பு, காரம் மூன்றும் சண்டையின்றி இருப்பது இதில்தான். அந்நாட்டில் கோதுமை விளைவதில்லை என்றே சொல்லலாம். ஆயினும் சீனாவுக்கு அடுத்து மிகுதியாக உடனடி நூடுல்ஸ் உண்பது அந்நாடே. அரிசி உண்ணும் ஒரு நாடு, அயல்நாட்டுக் கோதுமையைத் தன் தேசிய உணவாக்கிக்கொண்டதன் விலையை, உக்ரைன் போரின்போது கோதுமை விலை உயர்ந்த நாள்களில் அது உணர்ந்தது.

தாய்லாந்தின் 'மாமா' டாம்யம் இறால் வகையில் எலுமிச்சைப்புல்லும் புளிப்பும் முதல் வாயிலேயே தெரியும். நம் ரசத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. வழக்கமான பொட்டலம் ஏறத்தாழ 60 கிராம்தான். கொரியப் பொட்டலத்தில் பாதி. எனவே ஒப்பிடும்போது பொட்டல விலையைப் பாராமல் நூறு கிராமுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும். அந்நாட்டில் நூடுல்ஸ் அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 14 ஆண்டுகள் 6 பாட் என்றே நின்ற விலையை 8 ஆக்க வேண்டும் என்று 2022-இல் ஐந்து நிறுவனங்கள் கூட்டாகக் கோரின. உள்நாட்டில் நட்டப்படுவதைவிட ஏற்றுமதி மேல் என்றும் எச்சரித்தன. அரசு 7 பாட் வரை அனுமதித்தது. விலைக் கட்டுப்பாடு தட்டுப்பாட்டையே தரும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்த நான், இங்குச் சற்றுத் தயங்குகிறேன். பொருளாதாரம் சரியும்போது 'மாமா' விற்பனை ஏறுகிறதா என்று செய்தியாளர்கள் பார்க்கும் நாட்டில், ஒரு பாட் என்பது சிறிய தொகையன்று.

தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. கல்லூரி விடுதிக் காப்பாளராக இருந்தபோது, அறையில் மின்கெண்டியில் நூடுல்ஸ் வேகவைத்த மாணவர் ஒருவரிடமிருந்து கெண்டியைப் பறிமுதல் செய்தேன். நாக்கு ருசிக்கு அடிமையாகி உணவுக்கூடச் சாப்பாட்டைப் புறக்கணிக்கிறார் என்று அறிவுரையும் வழங்கினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உணவுக்கூடக் கட்டணம் கட்டாததால் அவர் பெயர் பத்து நாள்களாக நீக்கப்பட்டிருந்தது என்பதை மாத இறுதிக் கணக்கில் கையொப்பமிட்டபோதுதான் கண்டேன். கெண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அறிவுரையைத் திருப்பிப் பெற வழியிருக்கவில்லை. தாழ்நிலைப் பண்டத்தைப் பற்றி அதே வாரம் வகுப்பெடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி மகளின் கேள்வி. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் உட்கொள்ள வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறத்தாழ 5 கிராம் உப்பு. நான் வாங்கிய பெரிய பொட்டலங்கள் சிலவற்றில் ஒன்றிலேயே 1,700 மில்லிகிராமுக்கு மேல் அச்சிடப்பட்டிருந்தது. நம் நாட்டில் 2015-இல் சில மாதங்கள் ஒரு புகழ்பெற்ற வகையின் விற்பனை நின்றபோது, ஈயமும் மோனோசோடியம் குளுட்டமேட்டும் வீடுதோறும் பேசப்பட்டன. உப்பு பெரிதாகப் பேசப்படவில்லை. அந்த உப்பில் பெரும்பகுதி தூளில் இருப்பதால், பாதித் தூளை மட்டும் இட்டுச் சாற்றைக் குடிக்காமல் விட்டால் அளவு கணிசமாகக் குறையும். சுவை பாதியாகக் குறைவதில்லை என்பது என் அனுபவம். சிக்கன் ராமெனில் மட்டும் இந்த வழி செல்லாது. உப்பு இழையிலேயே இருக்கிறது. நான் அதிக மதிப்பெண் அளித்தது அதற்கே என்பது மகளுக்கு இன்னும் தெரியாது.

உலக உடனடி நூடுல்ஸ் சங்கத்தின் கணக்குப்படி 2023-இல் உலகம் உண்டது ஏறத்தாழ 12,000 கோடிப் பங்குகள். இந்தியாவின் பங்கு 860 கோடிக்கும் மேல், மூன்றாம் இடம். தலைக்குக் கணக்கிட்டால் நமக்கு ஆண்டுக்கு ஆறு, வியட்நாமியருக்கு எண்பதுக்கு மேல். அந்நாட்டின் 'ஹாவ் ஹாவ்' புளிப்பு இறால் வகை மெல்லிய இழையும் கூர்மையான புளிப்பும் கொண்டது. மதிய வேளைக்கு ஏற்றது.

ஊர் திரும்பும் முன் மாலை, தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் உணவுக் கடைக்கு மகள் அழைத்துச் சென்றாள். உடனடி நூடுல்ஸை வடித்து, வெங்காயம், முட்டை, தக்காளி, மிளகாய் விழுதுடன் பெரிய இரும்புச் சட்டியில் அவர் பிரட்டியெடுத்தார். மலேசியாவின் மாமாக் கடைகளில் இதற்கு 'மேகி கோரெங்' என்று பெயர். பொட்டலத்துத் தூளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "பாதிதான் போடுவேங்க, ஐயா. மிச்சத்துக்கு நம்ம மசாலா இருக்கே" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டை எடுத்தேன்.