கப்புக்கு வைரம் பாருங்கள்

இடம்பெயர்ந்து திரும்பி வீடு கட்டுவோருக்கு நாம் சொல்வது: மரத்தின் பெயரை மட்டும் கேட்டு வாங்காதீர்கள், வெட்டுமுகத்தைப் பாருங்கள்.

வெளிப்புறத்து வெளிர்ந்த படை 'வெள்ளை'. மரம் உயிரோடிருக்கையில் நீரை மேலேற்றுவதும் மாப்பொருளைச் சேமிப்பதும் இதுவே. அந்த மாப்பொருளைத் தேடியே வண்டு துளைக்கிறது. உள்ளே கறுத்திருப்பது 'வைரம்'. அங்கே கலங்கள் இறந்து, பிசினும் கசப்புப் பொருள்களும் ஊறியிருப்பதால் கறையான் எளிதில் அண்டாது. பனை மட்டும் மறுதலை: வைரம் வெளியே, மென்மை உள்ளே.

நமது சமண்டலை 19ஆம் நூற்றாண்டில் 'திருகோணமலை மரம்' என்ற பெயரோடு சென்னைக்குப் போய், அலைகடலில் ஓடும் படகுகளாயிற்று. அந்தப் பெயரைக் காப்பாற்றியது வைரமே. முதிரையானாலும் பாலையானாலும் வெள்ளை உளுத்துப்போகும். இளமரத்தில் வெள்ளையே அதிகம்.

ஆகவே மண்ணில் நடும் கப்புக்கு, வெள்ளையைச் செதுக்கி நீக்கிய முதிர்மரமே வேண்டும். இருமுறை வீடிழந்தவர் மலிவு மரத்தால் மூன்றாம் முறையும் இழக்கலாகாது.