வீட்டு நாய்க்கு ஒரு துணை

காவிரிப் படுகையில் வீட்டு நாய்க்குத் துணை தேடித்தரும் தேவை முன்னாளில் எழுந்ததில்லை. இரவில் களத்துமேட்டில் நெல்லுக்குக் காவலிருந்த நாய், பகலில் வைக்கோற்போரின் நிழலில் உறங்கும். மாடு மேய்ப்பவனோடு ஆற்றங்கரைக்குப் போகும். ஊர் நாய்களோடு ஓடிச் சண்டையிட்டுத் திரும்பி வரும். இன்றோ திண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் நிற்கின்றன. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிட, முதிய பெற்றோர் இருவரும் சங்கிலியில் ஒரு நாயுமாகப் பல இல்லங்கள் அமைந்துவிட்டன. அந்த நாய் ஊளையிடுகிறது, கதவைப் பிறாண்டுகிறது. “தனியாய்க் கிடக்கிறது, பாவம்! இன்னொன்று கொண்டுவந்தால் சரியாகிவிடும்” என்கின்றனர் அண்டை வீட்டார்.

சரியாகிவிடுமா? அது யாரைத் தேடி ஊளையிடுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வீட்டார் வெளியே சென்றதும் தொடங்கி, திரும்பியதும் ஓய்கிற அழுகை மனிதரைத் தேடும் அழுகை. அதனை இன்னொரு நாயால் ஆற்ற இயலாது; ஒன்று அழுத வீட்டில் இரண்டு அழும். காலையும் மாலையும் உலாவுதலும், பேச்சும், சங்கிலியை அவிழ்த்துவிடுதலுமே அதற்கு மருந்து. வீட்டார் உடனிருக்கும்போதும் தெருநாய்களைக் கண்டு வாலாட்டி, விளையாட ஏங்கி நிற்கும் நாய்க்கோ துணை உண்மையிலேயே பயன்படும். ஐயமிருப்பின், பழகிய நாயொன்றை உறவினர் வீட்டிலிருந்து இரண்டொரு மாலைப்பொழுதுகளில் அழைத்து வந்து பாருங்கள். உங்கள் நாயே விடை சொல்லிவிடும்.

துணைக்கென உயர்சாதி நாயை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. மழை ஓய்ந்து பனி தொடங்கும் நாட்களில் நம் தெருக்களில் குட்டிகளுக்குப் பஞ்சமில்லை. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அவை பழகியவை. ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965-இல் வெளியிட்ட நூலில், நாய்க்குட்டி பிறரோடு பழகக் கற்கும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்று காட்டினர். ஆகவே தாயிடம் பால் மறந்த எட்டு வாரக் குட்டியே ஏற்றது. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டைச் சேர்த்துக் கொணர்வது நன்றன்று. அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வீட்டாரை மதியா. முதல் நாய் மூட்டுவலியோடு படுத்திருக்கும் கிழநாயாயின், துள்ளும் குட்டி அதற்குத் துணையன்று, தொல்லையே.

குட்டியை உடனே முதல் நாயிடம் விடலாகாது. பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோய் தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் வழி அதுவே. இரண்டு வாரம் தனியே வைத்து, குடற்புழு நீக்கி, மருத்துவரிடம் காட்டுங்கள். பார்வோ தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை இடைவெளி விட்டுப் போடப்படுவது. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில். நெல்வயல் சூழ்ந்த நமக்கு எலிக்காய்ச்சல் தடுப்பும் இன்றியமையாதது. நாயின் சிறுநீர் வழியே அந்நோய் மனிதருக்கும் பரவும். மேலும், தனி நாய் செல்லாத வரப்புக்கெல்லாம் இரண்டு நாய்கள் கூடிச் செல்லும். அங்கே வைத்த சிங்க் பாஸ்பைடு எலிமருந்தைத் தின்ற நாய்க்கு மாற்றுமருந்து கிடையாது. கதவைச் சாத்திவைப்பதே வழி.

முதற் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டா. அது முதல் நாயின் ஆட்சிப்புலம். குட்டிக்கு ஊசிகள் முடிந்திருந்தால் இருவர் ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் சற்று விலகி நடந்து செல்லலாம். முடியவில்லையெனில், முதல் நாய் புழங்காத துப்புரவான முற்றமொன்று போதும். முகர்ந்து பார்க்க நேரம் கொடுங்கள். வீட்டில் சோற்றுத் தட்டுகள் தனித்தனியே, தொலைவில் இருக்கட்டும். முதல் நாய் படுக்கும் சாக்கைக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். அது உறுமினால் அடிக்கவும் வேண்டா. உறுமுதல் நாயின் எச்சரிக்கை, அதனை அடக்கினால் எச்சரியாமலே கடிக்கும். சண்டை மூண்டால் நடுவே கை நீட்டாமல் ஒரு குடம் நீரை ஊற்றுங்கள். கடி பட்டுவிட்டால் 15 நிமிடம் சவர்க்காரமிட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆணும் பெண்ணுமாய் வளர்த்தால் பூசல் குறைவு என்பது வளர்ப்போர் அனுபவம். ஆனால் பெண் நாய் ஆறேழு மாதத்திலேயே பருவமடையக்கூடும். சினையுற்ற 63-ஆம் நாளளவில் குட்டிகள் வந்துவிடும். அவற்றைச் சாக்கில் கட்டிச் சந்தைப்பேட்டையில் விட்டுவருவோர் நம்மிடையே உண்டு. இரக்கத்தின் பெயரால் தொடங்கியது இப்படியா முடிவது? கருத்தடை அறுவையை முன்னரே செய்துவிடுங்கள். ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

தத்தெடுத்த தெருநாய் மீண்டும் தெருவுக்கு வாராமல் காப்பது எடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-இல் ஆணையிட்டது. நாய் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் வாழும். எழுபது வயதுத் தம்பதியர் மகள் பேறுகாலத்திற்கென ஆறு மாதம் வெளிநாடு செல்லும்போது, ஒரு நாயைப் பார்த்துக்கொள்ள இசையும் பக்கத்து வீட்டார் இரண்டுக்கும் இசைவார்களா? அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு குட்டியைத் தேடுங்கள்.