புனோம்பென் சந்தையில் ஒரு காலை உணவு

கம்போடியாவின் தலைநகராகிய புனோம்பென்னில் ஒரு நாள் விடியற்காலையில் சந்தைக்குச் சென்றேன். தாழ்ந்த மணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், வெண்ணிற இழைச் சுருள்களைக் கிண்ணத்தில் இட்டு, பசுமஞ்சள் நிற மீன் குழம்பை ஊற்றி நீட்டினார். அதன் மணம் என்னைப் பின்வாங்கச் செய்தது.

அவ்வுணவின் பெயர் நும் பன்சொக். ஊறிய அரிசியை அரைத்து, நீரை வடித்துப் புளிக்கவைத்துப் பிசைந்து, அச்சிலிட்டுக் கொதிநீரில் பிழிகின்றனர். நமது இடியப்பம் ஆவியில் வேகிறது. இது நீரில் வேகிறது. குழம்பில் எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் சேரும். மேலே வாழைப்பூவையும் வெள்ளரியையும் அரிந்து தூவுவர். என்னை மிரட்டிய மணமோ, பிரகோக் என்னும் புளித்த மீன்விழுதினுடையது. தொன்லே சாப் ஏரியின் வெள்ளம் வடிந்து மீன் மலியும் மாதங்களில் உப்பிட்டு வைத்து, ஆண்டு முழுவதும் பயன்படுத்துகின்றனர்.

முதற் கவளத்தைத் தயங்கியே உண்டேன். இரண்டாவது கிண்ணத்தை நானே கேட்டு வாங்கினேன்.

1975 முதல் 1979 வரை கெமர் ரூச் ஆட்சி, பணத்தையும் சந்தைகளையும் ஒழித்தது. பொதுக் கூடங்களில் அளந்து ஊற்றிய நீர்த்த கஞ்சியே பலருக்கு உணவாயிற்று. பட்டினியால் மாண்டோர் மிகப் பலர். அம்மூதாட்டியின் நரைத்த தலையைக் கண்டபோது, அவ்வாண்டுகளை அவரும் கடந்து வந்திருப்பார் என்று எண்ணினேன். விரும்பிய உணவைச் சமைத்து விற்பதும், விரும்பியதை வாங்கி உண்பதும் எத்துணை அரிய உரிமைகள்!

மாணவர்களே, அயலார் உணவைக் கண்டு முகஞ்சுளிக்குமுன், அது உருவான கதையைக் கேளுங்கள்.