பிரேக் பிடித்தால் கரண்ட் திரும்புமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குப்பை அள்ளும் பேட்டரி வண்டி வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிறது. பிரேக் பிடித்தாலே பேட்டரி சார்ஜ் ஆகும் என்கிறார்களே, அப்படியானால் இந்த வண்டிக்குத்தானே லாபம் அதிகம்?"

சக்கரம் மோட்டாரைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும், சரி. ஆனால் மெதுவாகச் சுழலும் மோட்டாரின் வோல்டேஜ் பேட்டரியினுடையதைவிடக் குறைவு. பிறகெப்படி கரண்ட் பேட்டரிக்குள் போகும்? இங்கேதான் மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடும் கண்ட்ரோலரின் அபாரமான வேலை. மோட்டார் சுருளின் முனைகளை ஒரு கணம் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது. சுருளில் கரண்ட் கிடுகிடுவென ஏறுகிறது. சட்டென்று இணைப்பைத் துண்டிக்கிறது. ஓடும் கரண்ட்டை உடனே நிறுத்தச் சுருள் சம்மதிக்காது. தன் வோல்டேஜைப் பேட்டரிக்கும் மேலே உயர்த்தி, கரண்ட்டை உள்ளே தள்ளிவிடும். விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது, அதுவும் மோட்டாரை ஓட்டும் அதே ஸ்விட்சுகளைக் கொண்டே!

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்கு அரம் போடும்போது உதிரும் தூளை யாரும் வீணாக்குவதில்லை. தரையைக் கூட்டி, மண்ணையும் சலித்து, உருக்கி வெள்ளியை மீட்பார்கள். இந்த பிரேக்கும் அப்படிக் கூட்டி அள்ளுவதுதான். ஆனால் உதிர்ந்தால்தானே கூட்ட முடியும்? கூட்டுபவருக்குக் கூலி, உலைக்குக் கரி என்று செலவும் உண்டு. சுருளிலும் கண்ட்ரோலரிலும் சூடாகப் போவது அந்தக் கூலியும் கரியும். ஒரே ஒரு கொலுசுக்கு அரம் போட்ட நாளில் உலை மூட்டினால் கரிக்காசுகூடத் தேறாது.

குப்பை வண்டியின் கதை அதுதான். 1 டன் எடையுள்ள வண்டி 10 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1 வாட்-மணி. முழுவதும் மீட்டாலும் 10 வாட் பல்பு 6 நிமிடம் எரியும், அவ்வளவே. 60 கி.மீ. வேகத்தில் இது 36 மடங்கு. ஏற்காடு மலைப்பாதையில் அதே எடை 1,000 மீட்டர் இறங்கினால் கணக்குப்படி சுமார் 2.7 யூனிட்! மலையிறங்கும் வண்டிக்குத்தான் இந்த பிரேக் வரம். தவிர, எல்லா பேட்டரி வண்டியிலும் இந்த வசதி இருப்பதுமில்லை.

ஒரு சார்ஜில் இவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது: எல்இடி பல்பை மலிவாக்கிய மத்திய மின்துறையின் இ.இ.எஸ்.எல். நிறுவனம், 2017இல் அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்கார்களுக்கு டெண்டர் விட்டது. டாடாவுக்கும் மஹிந்திராவுக்கும் ஆர்டர் போனது. ஒரு சார்ஜில் சொன்ன தூரம் ஓடவில்லை என்ற புகார் அடுத்த ஆண்டே செய்தியானது.

அப்படியானால் பேட்டரி குப்பை வண்டி வீணா? இல்லவே இல்லை. அதன் லாபம் நிற்பதில் இருக்கிறது. டீசல் எஞ்சின் நின்றபடியே எண்ணெய் குடிக்கும். மோட்டார் நின்றால் எதுவும் குடிக்காது. வண்டியின் பின்னாலேயே நடக்கும் தூய்மைப் பணியாளர் மூக்கில் புகை ஏறாது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். 'மாசே இல்லை' என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

வண்டி வாங்கும் உள்ளாட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விளம்பரத்தில் போட்ட தூரத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முழுக் குப்பையையும் ஏற்றி, ஓட வேண்டிய தெருவிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.