கசடு மலிவு, பக்குவம் மலிவல்ல

இரும்பு ஆலைக் கசடு நமக்குப் புதிய சரக்கு அல்ல. நம் கடைகளில் விற்கும் ஸ்லாக் சிமெண்டில் அரைத்துச் சேர்ப்பது அதைத்தான். அதே கசட்டை உருக்கி, தரையிலும் சுவரிலும் பதிக்கும் பலகையாகவும் செய்யலாம். இதற்குக் கண்ணாடிப் பீங்கான் என்று பெயர்.

மாஸ்கோவின் மெண்டலீவ் இரசாயனத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கிட்டாய்கொரோட்ஸ்கி குழுவினர் இதற்கு வழி கண்டனர். அப்போது சோவியத் நாட்டில் இருந்த உக்ரைனின் கான்ஸ்டன்டினோவ்கா கண்ணாடித் தொழிற்சாலையில் 1966-இல் உற்பத்தி தொடங்கியது.

செய்முறையைச் சொல்கிறேன். கசட்டுடன் மணல் முதலியவற்றைச் சேர்த்து 1,400 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். உருகியதை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்குகிறார்கள். இதுவரை அது வெறும் கண்ணாடிதான். பிறகு அதை மீண்டும் அளவாகச் சூடேற்றும்போது உள்ளே நுண்ணிய படிகங்கள் விளைகின்றன. பாகில் தொங்கும் நூலைப் பற்றிக் கற்கண்டு விளைகிறதல்லவா? இங்கே கசட்டில் உள்ள கந்தகச் சேர்மங்களே அந்த நூல். படிகம் விளைந்தபின் பலகை தேய்மானத்தையும் அமிலத்தையும் நன்கு தாங்குகிறது. ஆகவே இரசாயன ஆலைகளின் தரைக்கு ஏற்றது.

கழிவுதானே, அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு முறை சூடேற்ற எரிபொருள் வேண்டும். கசட்டின் சேர்மானம் லோடுக்கு லோடு மாறும். அதைச் சோதித்துச் சரிசெய்ய ஆள் வேண்டும். சூடு பிசகினால் பலகை வெடிக்கும். செலவெல்லாம் பக்குவத்தில்தான்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பல ஆண்டுகளுக்கு முன் நிலக்கரிச் சாம்பல் கல் ஒரு லோடு, விலையை மட்டும் பார்த்து வாங்கினேன். சாம்பலில் குறையில்லை, கல்லைப் போதிய நாள் நீர் விட்டுப் பதப்படுத்தவில்லை. விற்ற கற்கள் முனை உதிர்ந்தன. தயாரித்தவர் கைவிரித்துவிட்டார். வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.

ஆகவே, கழிவிலிருந்து செய்த எந்தச் சரக்கானாலும் மூன்றைக் கேளுங்கள். அந்தந்த லோடுக்கு உரிய சோதனைச் சான்று உண்டா? இதே சரக்கைப் பதித்துச் சில ஆண்டுகள் ஆன கட்டடத்தைக் காட்டுவார்களா? பழுதானால் திரும்ப எடுப்பதாக எழுதித் தருவார்களா?

மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் தைரியமாக வாங்குங்கள். குவிந்து கிடக்கும் கசடு நல்ல சரக்காவது நாட்டுக்கும் லாபம். ஆனால் பலகை விரிசல் விட்டால் வாடிக்கையாளர் ஆலையைத் தேடிப் போகமாட்டார். நம் கடைப் படியில்தான் வந்து நிற்பார்.