வளைவில் சாயும் காரை நிமிர்த்தும் கம்பி!

வேகமாக ஓடும் கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வைக் குறைக்க, இடது, வலது சக்கரங்களின் தாங்கிகளை ஓர் எஃகுக் கம்பியால் இணைத்திருப்பார்கள். கார் சாய்ந்தால் கம்பி முறுக்கிக்கொள்ளும். பிறகு முறுக்கு விடுபட முயன்று காரை நிமிர்த்தும்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ம் ஆண்டில் வெளியிட்ட "மியாட்டா" என்ற இரண்டு பேர் காரில், பலர் இந்தக் கம்பியை மாற்றித் தடித்த கம்பி பொருத்துகிறார்கள்.

20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 மில்லிமீட்டர் கம்பி போட்டால், கூடுவது 2 மில்லிமீட்டர்தான். ஆனால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிடும்!

இதில் ஆபத்தும் உண்டு. முன்கம்பி மிகவும் விறைத்தால் கார் சரியாகத் திரும்பாது. பின்கம்பி விறைத்தாலோ பின்சக்கரங்கள் வழுக்கி, கார் பம்பரம்போல் சுழன்றுவிடும்.

ஆகவே, முன்னும் பின்னும் பார்த்தே கம்பியை மாற்ற வேண்டும்.